எத்தனை வருஷப் பழசு?

போன தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் விடியற்காலை. ஒன்பது மணிக்கெல்லாம் சாப்பாடும் ஆகிவிட்டது. கூரத்துக்குத் திரும்புவது மறுநாள் என்று ஏற்பாடு. நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருந்தது. என் மனைவி தாராசுரம் போகலாம் என்றாள். வண்டி ஓட்டி வந்த மைத்துனர் மகன், "எங்கே சொன்னாலும் சரி மாமா" என்றான். நான் திருவாவடுதுறை என்றேன்.

"மடத்திலே போய் என்னங்க பார்க்கப் போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் சைவ சித்தாந்தம் படித்தவன் இல்லை. புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக 35 வருஷம் கோப்பு கட்டி, 2009இல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான கூரத்தில் வந்து உட்கார்ந்தவன். ஆனால் வயதான பிறகு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' கையில் கிடைத்தது. அதைப் படித்தவர்கள் யாரும் திருவாவடுதுறையை ஒரு தடவையாவது பார்க்காமல் இருக்க முடியாது.

திருவிடைமருதூர், ஆடுதுறை வழியாகப் போனோம். நடுவில் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்யும் ஊர். திருவாவடுதுறை என்றாலே என் வயதுக்காரர்களுக்கு ராஜரத்தினம் பிள்ளை ஞாபகம்தான் முதலில் வரும். இப்போதைய பிள்ளைகளுக்கு 2023இல் பத்திரிகையெல்லாம் அடிபட்ட செங்கோல்தான் ஞாபகம். மைத்துனர் மகனும் அதைத்தான் கேட்டான். கோயிலில் கோமுத்தீசுவரரைக் கும்பிட்டு, திருமூலர் சந்நிதியில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு மடத்துக்குள் போனோம்.

மடத்தின் நூல்நிலையத்தைப் பார்க்க முன்கூட்டி எழுதிக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவன் போகிற போக்கில் எட்டிப் பார்க்கிறேன் என்று வந்து நின்றேன். ஆனாலும் என் நரைத்த தலையைப் பார்த்தோ என்னவோ, அங்கிருந்த ஒருவர் கொஞ்சநேரம் காட்டுகிறேன் என்றார். அச்சுப் புத்தகங்கள், அப்புறம் துணி சுற்றிய சுவடிக் கட்டுகள். ஒரு கட்டைக் காட்டினார். மரச்சட்டங்களுக்கு நடுவே ஓலைகள், துளையில் கயிறு. மைத்துனர் மகன் செல்போனை எடுத்தான், வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

நான் கேட்டேன்: "எத்தனை வருஷப் பழசு இருக்கும்?"

அவர் சொன்னார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "ஐயாவுக்கு ஏடு படிக்கத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, கட்டை மறுபடி துணியில் சுற்றினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. வால்தேரையும் ரசீனையும் மூலத்தில் படித்தவன் நான். என் தாய்மொழியில் எழுதிய ஓர் ஓலையை ஒரு ஜாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, ஊமைப் பொம்மையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, வயதைக் கேட்டேன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்தக் கூச்சம் மட்டும் அல்ல. மடத்து நூலகங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. திறந்து விடு, எல்லோரும் பார்க்கட்டும் என்பது ஒன்று. பூட்டி வை, பாழாகாமல் இருக்கட்டும் என்பது இன்னொன்று. இரண்டு கட்சியுமே ஒரு விஷயத்தை மறந்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம். பார்ப்பதாலும் ஓர் ஏடு பிழைக்காது, பூட்டுவதாலும் பிழைக்காது. அதைப் படிக்கிறவன் ஒருவன் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு உயிர்.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

கூரம் என்றால் வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான். அவர் கதைகளில் ஒன்று ஒரு நூலகத்தைப் பற்றியது. பிரம்ம சூத்திரத்துக்குப் போதாயனர் எழுதிய விருத்தி என்கிற பழைய உரை காஷ்மீரத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்து, ராமாநுஜர் ஆழ்வானையும் அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. ஏடு கைக்கு வந்தது. ஆனால் அங்கிருந்த பண்டிதர்களுக்கு மனம் ஒப்பவில்லை. வழியில் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ராமாநுஜர் மனம் உடைந்து உட்கார்ந்தார். அப்போது ஆழ்வான், "சுவாமி உறங்கும் நேரங்களில் நான் படித்துவிட்டேன், முழுவதும் நினைவில் இருக்கிறது" என்றாராம். அந்த நினைவின் துணையோடுதான் ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்டது என்பார்கள்.

கதையில் எவ்வளவு சரித்திரம் என்ற விசாரணைக்கு நான் போகவில்லை. அதில் இருக்கிற சங்கதியைப் பாருங்கள். ஏட்டை வைத்திருந்தவர்கள் காஷ்மீரத்துக்காரர்கள். பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. ஆனால் அந்த நூல் பிழைத்தது, ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு படித்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரால். அந்தப் போதாயன விருத்தி இன்று எங்கும் கிடைக்கவில்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு பெருமை, கூரம் செப்பேடுகள். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தவை. அதாவது ஏழாம் நூற்றாண்டு. ஹுல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் படித்து, 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டார். பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரித்து யார் யாருக்கு எவ்வளவு என்று அதில் கணக்கு இருக்கிறது. நான்மறை வல்லவர்களுக்கு 20 பங்கு, கோயில் பூசைக்கும் பராமரிப்புக்கும் 3 பங்கு, மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஒரு பங்கு. மிச்சம் இருந்த ஒரு பங்கு எதற்குத் தெரியுமா? அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு.

குமாஸ்தா புத்தி என்பதால் இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாரத ஏட்டைப் பத்திரமாக வைத்திருக்க ஒரு பங்கு என்று எழுதவில்லை. பெட்டிக்கு ஒரு பங்கு, பூட்டுக்கு ஒரு பங்கு என்றும் எழுதவில்லை. வாசிப்பதற்கு ஒரு பங்கு. வருஷா வருஷம் அந்த நிலத்தின் விளைச்சலைச் சாப்பிட்டுக்கொண்டு ஒருவன் ஊர் கேட்க வாசிக்க வேண்டும். வாசிக்க ஆள் இருந்தால் ஏடு தானாகப் பத்திரமாக இருக்கும் என்று அந்த நாளிலேயே தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஓலையின் ஆயுளே அப்படிப்பட்டது. பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியும் மஞ்சளும் இலைச்சாறும் தடவி, எழுத்துத் தெரியும்படி செய்து, எவ்வளவு ஜாக்கிரதையாக வைத்தாலும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் பூச்சிக்கும் இரண்டு நூற்றாண்டு, மூன்று நூற்றாண்டு தாங்கினால் அதிகம். அப்படியிருக்க இரண்டாயிரம் வருஷத்துப் புறநானூறு நம் கைக்கு எப்படி வந்தது? ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவன் உட்கார்ந்து படித்து, புது ஓலையில் படியெடுத்து வைத்ததால்தான். சங்ககாலத்து ஓலை ஒன்றுகூட நம்மிடம் இல்லை. படியின் படியின் படிதான் இருக்கிறது.

திருவாவடுதுறை மடம் இந்தக் காரியத்துக்குத்தான் பேர் பெற்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே ஆதீன வித்துவான். அவர் பாடல்களை வாயால் சொல்லச் சொல்ல மாணாக்கர்கள் ஓலையில் எழுதுவார்கள். 1871இல் அவரிடம் வந்து சேர்ந்த உ.வே.சா., 1876இல் பிள்ளையவர்கள் காலமான பிறகும் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் அங்கேயே பாடம் கேட்டார், பாடமும் சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு வேலைக்குப் போனார். அங்கேதான் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் அவரைப் பார்த்து, சிந்தாமணி படித்திருக்கிறீரா என்று கேட்டார். படிக்கவில்லை. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1887இல் சீவகசிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

இதில் நான் வியப்பது வேறு ஒன்றை. சிந்தாமணி சமண காவியம். பாடம் கேட்டவர் ஸ்மார்த்தர். வளர்த்தது சைவ மடம். சந்தேகம் தீர்த்தவர்கள் கும்பகோணத்து ஜைனர்கள். பதிப்புகளுக்குத் துணையாக நின்ற ஏடுகளில் திருவாவடுதுறை மடத்து ஏடுகளும் உண்டு. பிற சமயத்தாரின் நூல் என்று அந்த மடம் தூக்கி எறியவில்லை. வைத்திருந்தது மட்டுமல்ல, கேட்டவருக்கு எடுத்தும் கொடுத்தது. ஏன் கொடுத்தது? கேட்டவர் படிக்கத் தெரிந்தவர். அங்கே உட்கார்ந்து படித்த மாணவர். வாசலில் நின்று "எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்டவர் அல்ல.

ஏடு படிப்பது என்ன அவ்வளவு கஷ்டமா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊருக்கு வந்த பிறகு ஓர் ஓலையின் படத்தை வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு ஒரு வாரம் உட்கார்ந்தேன். முதலில், சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. வரி ஆரம்பித்தால் ஓலையின் மறுமுனை வரை ஒரே ஓட்டம். அடுத்தது, புள்ளி கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிட்டார்கள். 'பண்டம்' என்பது 'பணடம' என்றுதான் இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இல்லை, ஒகர ஓகாரமும் அப்படியே. வீரமாமுனிவர் வகுத்த இரட்டைக் கொம்பெல்லாம் அவற்றில் தேடக்கூடாது. 'செய்' என்றாலும் 'சேய்' என்றாலும் கண்ணுக்குத் தெரிவது 'செய' மட்டுமே. போதாக்குறைக்குக் காலும் ரகரமும் ஒரே மாதிரி. ஆக, பொருள் தெரிந்தால்தான் எழுத்துத் தெரியும், எழுத்துத் தெரிந்தால்தான் பொருள் தெரியும். இந்த முடிச்சை அவிழ்க்கப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் வேண்டும். ஒரு வாரத்தில் எனக்குத் தேறியது இரண்டரை வரி.

மைத்துனர் பட்டு நெய்கிறவர். நான் பூதக்கண்ணாடியோடு படும் பாட்டைப் பார்த்துவிட்டு, தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைக் காட்டினார். துளையிட்ட அட்டைகள், வரிசையாக நூலால் கோத்தவை. பார்க்க ஏட்டுக்கட்டு மாதிரியே இருக்கும். "இதுவும் அப்படித்தான் அத்தான். தறியில ஏத்துனா மயில், அன்னம். ஏத்தத் தெரியலைன்னா வெறும் ஓட்டை அட்டை" என்றார். இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நாற்பத்தேழு வருஷத்துக்கு மேலாக யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை.

1975இல் எனக்குக் கல்யாணம். அடுத்த இரண்டு வருஷத்தில் கூரத்து வீட்டில் ஓட்டைப் பிரித்துத் தளம் போட ஏற்பாடானது. பரணைக் காலி செய்தோம். உடைந்த தறிச் சாமான்கள், பித்தளை அண்டா, அவற்றுக்குப் பின்னால் ஒரு கோணிப்பை. பைக்குள் ஏழு கட்டு ஓலை. என் மனைவியின் கொள்ளுத் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார். அவருடையவை. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, நடுவில் நன்றாகவே இருந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. பழைய ஏட்டை நெருப்பில் போடக்கூடாது, குப்பையில் போடக்கூடாது, சரஸ்வதி. ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவதுதான் முறை என்றார் என் மாமியார். ஆடியில் பாலாற்றில் தண்ணீர் ஏது? ஐப்பசி மழைக்கு வரும், அப்போது விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. வீட்டில் படித்த மாப்பிள்ளை நான் ஒருவன்தான். சாஸ்திரமாகச் செய்வான் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

1977 ஐப்பசியில் நல்ல மழை. மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். கரையில் நின்று ஒவ்வொரு கட்டாக விட்டேன். ஓலை உடனே முழுகாது. மிதந்துகொண்டே போகும். கண்ணுக்கு மறைகிற வரை நின்று பார்த்துவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்.

அந்த நாளில் அலுவலகத்தில் என் வேலை ரெக்கார்டு ரூமில். காலக்கெடு முடிந்த கோப்புகளை அழிப்பதற்கு முன்னால் ஒரு பட்டியல் போட வேண்டும். இன்ன எண், இன்ன வருஷம், இன்ன பொருள், இத்தனை பக்கம். மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒரு காகிதமாவது வெளியே போகும். சைக்கிள் கடனுக்கான விண்ணப்பத்துக்குக்கூட அந்த மரியாதை உண்டு. அப்படிப்பட்ட வேலை பார்த்த நான், ஏழு கட்டு ஓலைக்கு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. என்ன நூல், எத்தனை ஏடு, கடைசி ஓலையில் எழுதியவன் பெயர் உண்டா, ஒன்றும் பார்க்கவில்லை. பல வருஷம் கழித்து, என் மனைவியின் அத்தை ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னார்: அந்தத் தாத்தா திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பாராம். கையில் ஏட்டை வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் படிப்பாராம்.

பரமேசுவரவர்மன் ஒரு பங்கு நிலம் கொடுத்து நடத்திய காரியத்தை, அதே ஊரில், ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் சம்பளம் இல்லாமல் செய்திருக்கிறார். அவர் ஏட்டில் இருந்தது அந்தப் பாரதமேதானா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியையும் நானே ஆற்றில் விட்டேன்.

ஆற்றில் விடுகிற வழக்கத்தைப் பழிக்க நான் வரவில்லை. அது நல்ல வழக்கம்தான். சிதைந்த ஏட்டைப் பார்த்துப் புது ஓலையில் எழுதி முடித்த பிறகு, பழையதை மரியாதையாக ஆற்றில் விடுவார்கள். இறந்தவருக்குச் செய்கிற மாதிரி. காலப்போக்கில் படியெடுக்கிற பாதி நின்றுபோனது. ஆற்றில் விடுகிற பாதி மட்டும் நிற்காமல் நடந்தது. என்னைப் போன்ற படித்த மாப்பிள்ளைகள் அதைப் பக்தியோடு செய்தோம்.

புதுச்சேரியில் எனக்கு முன்னால் இன்னொரு அரசாங்க உத்தியோகஸ்தர் இருந்தார். எதுவார் அரியேல் என்று பெயர். பிரெஞ்சுக்காரர், 1818இல் பிறந்தவர். புதுச்சேரிக்கு வேலைக்கு வந்தவர் தமிழ் படித்தார், சுவடிகளைச் சேர்த்தார், 1848இல் திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1854இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் சேர்த்தவை பாரிஸுக்குப் போய், இன்று அங்கே தேசிய நூலகத்தில் இருக்கின்றன. நம் சொத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நானும் இளவயதில் பேசியவன்தான். இப்போது அந்தக் கோபம் எனக்கு வருவதில்லை. அரியேலும் குமாஸ்தா மாதிரி ஓர் உத்தியோகம் பார்த்தவர், நானும் குமாஸ்தா. அவர் கைக்கு வந்த ஓலைக்கு ஓர் எண் இருக்கிறது, பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. என் கைக்கு வந்ததற்கு இரண்டும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் மகள் பிரான்சில் இருக்கிறாள். 2014இல் அவளிடம் போயிருந்தபோது ஸ்விட்சர்லாந்தில் சாங்க்ட் காலன் என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். பிரெஞ்சில் சேன் கால் என்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பழைய கிறிஸ்தவ மடம் அது. அதன் நூலகக் கூடத்துக்குள் போக, செருப்புக்கு மேலே கம்பளி மிதியடி மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மரத்தரை கீறிவிடக் கூடாது என்று. என்னைப் போன்றவர்கள் வழுக்கி வழுக்கி நடந்து, கூரைச் சித்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். ஆனால் படிக்க வருகிறவருக்குத் தனி அறை, தனி வழி. வேடிக்கை பார்ப்பவனையும் படிப்பவனையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மடங்களால் ஆகாது, அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வாதம் உண்டு. பிரான்சில் அதைச் செய்து பார்த்தார்கள். 1789 புரட்சிக்குப் பிறகு மடங்களின் சொத்தெல்லாம் தேசத்தின் சொத்து என்று சட்டம் போட்டு, வண்டி வண்டியாகப் புத்தகங்களைக் கொண்டுவந்து கிடங்குகளில் குவித்தார்கள். இன்று பல பிரெஞ்சு நகரங்களின் பொது நூலகம் அப்படித் தொடங்கியதுதான். வழியில் சிதறியதும் அழிந்ததும் ஏராளம். அரசாங்க ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அரசாங்கத்துக் கரையானுக்கும் மடத்துக் கரையானுக்கும் பல் ஒன்றுதான். யார் வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியம் இல்லை.

எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும் என்பது இன்றைய பிள்ளைகள் வாதம். அவசியம் ஏற்ற வேண்டும். புதுச்சேரியில் உள்ள சைவ ஆகமச் சுவடிகள் சுமார் 11,000, 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பண்டிதர்கள் பல வருஷம் உட்கார்ந்து, ஏடுகளைப் படித்துக் காகிதத்தில் படியெடுத்ததும் உண்டு. படம் என்பது ஓலையைக் காப்பாற்றும். அதில் உள்ளதைக் காப்பாற்ற ஆள்தான் வேண்டும். படிக்கத் தெரிந்தவர் இல்லாத நாளில் கணினியும் இன்னொரு பரண்தான்.

அதனால் மடங்களுக்கு என் விண்ணப்பம் இரண்டே. எல்லோரையும் உள்ளே விடுங்கள் என்று கேட்கவில்லை. வேறொரு மடத்தில், பெயர் வேண்டாம், சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்று மூன்று தடவை திரும்பியவன் நான். ஆனாலும் பூட்டின் நியாயம் எனக்குப் புரியும். களவு போகிறது, கை பட்டால் உடைகிறது. பூட்டு இருக்கட்டும். ஆனால் என்னென்ன நூல் இருக்கிறது என்ற பட்டியல் பூட்டுக்கு வெளியே இருக்கட்டும். வருகிறவன் படித்துப் பார்க்கட்டும். இரண்டாவது, வருஷத்தில் பத்து நாளாவது ஏடு படிக்கச் சொல்லிக் கொடுங்கள். குருபூசைக்கு ஆயிரம் இலை போடுகிற இடத்தில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடமும் சோறும் பெரிய செலவாகாது. சுவடி கற்பிக்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்பது தெரியும். ஆனால் இது முதலில் மடங்களின் தொழில். அவர்கள் வீட்டு வித்தை.

நம் போன்ற யாத்திரைக்காரர்களுக்கும் ஒன்று. எந்த நூலகத்துக்குப் போனாலும் "எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்காதீர்கள். "இப்போது இதை யார் படிக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருகிறபோது பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றும்.

கடைசியாக, என் வயது நண்பர்களுக்கு. உங்கள் வீட்டுப் பரணில், பூஜை அறையில், பெரியவர்கள் பெட்டியில் ஓலைக்கட்டு ஏதாவது இருந்தால் தயவுசெய்து ஆற்றில் விடாதீர்கள். எண்ணெயும் தடவாதீர்கள், கயிற்றையும் அவிழ்க்காதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு கடிதம் போடுங்கள். கொடுக்க மனம் இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு ஓலைக்கு ஓலை செல்போனில் படமாவது எடுத்து வையுங்கள்.

மைத்துனர் மகனுக்கு இதில் கொஞ்சம் ஆசை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தறி வேலை இல்லாதபோது வந்து உட்காருகிறான். அவன் கண் எனக்குப் பூதக்கண்ணாடி, என் இலக்கணம் அவனுக்கு. போன வாரம் ஐந்தாவது வரியை முடித்தோம். அதில் ஓர் எழுத்து ரகரமா காலா என்று இன்னும் தகராறு. திருவாவடுதுறைக்கு இந்தத் தடவை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்கிறோம். அந்தப் பெரியவர் அதே கேள்வியைக் கேட்டால், "எழுத்துக் கூட்டிப் படிப்போம் ஐயா" என்றாவது சொல்ல வேண்டும்.